கதிரும் கத்தியும்: தொண்டைப் புற்றுநோய்க்கு இருவகைச் சிகிச்சை

குரல் கம்முவது எவருக்கும் நேரக்கூடியதே. மழையில் நனைந்தவருக்கும், திருவிழாவிற் கூவியவருக்கும், நாள் முழுவதும் வகுப்பில் உரத்துப் பேசும் ஆசிரியருக்கும் குரல் கம்முகிறது. வெந்நீரும் ஓய்வும் சில நாட்களில் அதனைத் தெளிவித்துவிடுகின்றன. ஆனால், மூன்று வாரங்கள் கடந்தும் தெளியாத கம்மல் வேறு வகையைச் சேர்ந்தது. புகையிலைப் பழக்கம் உள்ள ஒருவரிடம் அது காணப்படுமாயின், குரல்வளையை மருத்துவர் ஒருவர் உடனே பார்த்தாக வேண்டும். அந்தக் கம்மல், தொண்டைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். அந்நிலையிற் கண்டுபிடிக்கப்பட்டால், பத்து நோயாளிகளில் ஏறக்குறைய ஒன்பது பேரைக் குணப்படுத்தலாம். அவர்களுடைய குரலையும் பெரும்பாலும் காப்பாற்றலாம். சில மாதங்கள் தாமதித்தால், உயிரைக் காப்பதற்காகக் குரல்வளையையே எடுத்துவிட வேண்டிய நிலை வரலாம்.

இவ்வுண்மை எங்கும் பொருந்துவதாயினும், அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். ஏனெனில், அங்கே நோய்க்கும் சிகிச்சைக்கும் இடையில் ஒரு கடல் கிடக்கிறது.

தீவுகளும் நோயின் காரணங்களும்

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. வங்காளியர், தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியினர், நிக்கோபாரியர் எனப் பல இனத்தவர் இங்கே கலந்து வாழ்கின்றனர். 1964ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பயனாகத் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களிற் சில, கச்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்திற் குடியமர்த்தப்பட்டன. மொழியாலும் வழக்கத்தாலும் வேறுபட்ட இம்மக்களிற் பெரும்பாலோரை ஒன்றுபடுத்தும் பழக்கம் ஒன்று உண்டு. அதுவே வெற்றிலை, பாக்கு, புகையிலை. தென்னையும் கமுகும் தீவுகளின் முதன்மையான தோட்டப் பயிர்கள். ஆதலால், பாக்கு வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கிறது. புகையிலை பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்து சேர்கிறது.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, இத்தீவுகளில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆடவரிற் பாதிக்கும் அதிகமானோர் ஏதேனும் ஒரு வடிவிற் புகையிலையை உபயோகிப்பதாகக் கண்டது. பெண்களிற் பத்தில் மூவருக்கு அப்பழக்கம் இருந்தது. நாட்டிலேயே உயர்ந்த விகிதங்களுள் இவை அடங்கும். புகையிலை சேராத பாக்கு தீங்கற்றது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அது தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலையின்றிப் போடப்படும் வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்று 2004இல் வெளியிட்ட தனது ஏட்டில் அறுதியிட்டுக் கூறியது. புகையிலையுடன் மதுவும் சேருமாயின், இரண்டின் தீமையும் கூடுவதோடு நில்லாது ஒன்றை மற்றொன்று பெருக்குகிறது.

தொண்டையின் அமைப்பு

தொண்டை என்று பேச்சு வழக்கிற் குறிப்பிடப்படுவது ஒரே உறுப்பன்று. மூக்கின் பின்புறம் தொடங்கிக் கீழே உணவுக்குழல் வரை செல்லும் தசைப் பாதைக்குத் தொண்டைக்குழி என்று பெயர். அதன் முன்புறத்தில், மூச்சுக்குழலின் தலைவாயிலாகக் குருத்தெலும்புகளால் அமைந்த சிறு பெட்டியே குரல்வளை. அப்பெட்டிக்குள் இரு குரல் நாண்கள் உள்ளன. நாம் பேசும்போது அவை நெருங்கி அதிர்கின்றன. மூச்சு விடும்போது விலகுகின்றன. விழுங்கும்போது உணவு மூச்சுக்குழலுக்குள் புகாதபடி குரல்வளை மூடிக்கொள்கிறது. பேச்சு, மூச்சு, ஊண் ஆகிய மூன்றும் சந்திக்கும் இந்தச் சிறிய இடத்திற் புற்று தோன்றுவதால்தான், இதன் சிகிச்சை இத்துணைக் கடினமாயிற்று.

புற்று எந்த இடத்தில் தோன்றுகிறது என்பதைப் பொறுத்து நோயின் போக்கும் மாறுகிறது. குரல் நாணில் ஒரு சிறு புண் தோன்றினாலும் குரல் உடனே கம்மிவிடும். அன்றியும், குரல் நாண்களில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. ஆகவே நோய் கழுத்துக்குப் பரவக் காலம் பிடிக்கும். இயற்கை நமக்கு அளிக்கும் அவகாசம் அது. தொண்டைக்குழியின் கீழ்ப்பகுதியில் தோன்றும் புற்றோ நெடுநாள் மறைந்திருக்கும். விழுங்கும்போது உறுத்தல், காதுக்குள் ஒரு புறமாக வலி, கழுத்தில் வலியற்ற கட்டி, எச்சிலில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்றாகவே அது தன்னை வெளிப்படுத்துகிறது. அதற்குள் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

ஆசிரியர்கள் இதைப் படித்து அச்சம் கொள்ள வேண்டுவதில்லை. உரத்துப் பேசுவதால் குரல் நாண்களிற் சிறு முடிச்சுகள் தோன்றுவதுண்டு. அவை புற்றல்ல, குரலுக்கு ஓய்வும் பயிற்சியும் அளித்தாற் குணமாகும். ஆயினும், எது முடிச்சு, எது புற்று என்பதை நோயாளியின் குரலைக் கேட்டு எவராலும் கூற இயலாது. குரல்வளையைக் கண்ணால் நோக்கியே கூற இயலும். மானுவல் கார்சியா என்னும் இசை ஆசிரியர், பல் மருத்துவர் உபயோகிக்கும் சிறு கண்ணாடியைத் தொண்டையில் வைத்துத் தம் குரல் நாண்களைத் தாமே கண்டது 1854இல். இன்று மூக்கின் வழியாகச் செலுத்தப்படும் மெல்லிய ஒளியிழைக் கருவி சில நிமிடங்களில் அதனைக் காட்டிவிடுகிறது.

இருவருடைய நோய்

இந்நோயின் சரித்திரத்தில், நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் நிகழ்ந்த இரண்டு மரணங்கள் கருதத்தக்கவை.

ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சருக்கு 1885இல் தொண்டை நோய் கண்டது. அவருக்குச் சிகிச்சை செய்தவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். 1876இல் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவர் அவரே. பிற்காலத்திற் சர் சி. வி. இராமன் தமது ஒளிச் சிதறல் ஆராய்ச்சியை நடத்தியது அக்கழகத்தில்தான். எனினும், அக்காலத்து மருத்துவ அறிவு அந்நோயின் வலியைச் சிறிது தணிக்க உதவியதேயன்றி, நோயை நீக்க உதவவில்லை. பரமஹம்சர் 1886 ஆகஸ்ட் 16ஆம் நாள் காசிப்பூரில் உடல் நீத்தார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட அப்போது இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

மற்றவர் ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் பிரெடெரிக். 1887இல் அவருக்குக் குரல் கம்மியது. அவருடைய குரல்வளையிலிருந்து எடுக்கப்பட்ட திசுத் துண்டுகளைப் புகழ்பெற்ற விர்ச்சோ சோதித்தார். அவற்றிற் புற்று காணப்படவில்லை. குரல்வளையைத் திறந்து அறுவை செய்யவேண்டும் என்ற ஜெர்மானிய மருத்துவர்களுக்கும், வேண்டாம் என்ற ஆங்கில மருத்துவர் மக்கென்ஸிக்கும் இடையே வாதம் மூண்டது. காலம் கடந்தது. அரியணையேறித் தொண்ணூற்றொன்பதே நாட்கள் ஆண்டு, 1888 ஜூன் 15இல் அவர் இறந்தார். திசுச் சோதனையிற் புற்று இல்லை என்று வந்த பின்னரும் நோய்க்குறிகள் நீடித்தால், சோதனையை மீண்டும் செய்யவேண்டும் என்பது அன்று கற்ற பாடம். அது இன்றும் மாறவில்லை.

கத்தியின் கதை

குரல்வளை முழுவதையும் புற்றுநோய்க்காக முதன்முதலில் எடுத்தவர் வியன்னா நகரத்து தியோடர் பில்ரோத். அது நிகழ்ந்தது 1873 டிசம்பர் 31இல். அந்நோயாளிக்குச் செயற்கைக் குரல்வளை ஒன்றும் செய்து பொருத்தப்பட்டது. ஆயினும், சில மாதங்களில் நோய் திரும்பி அவர் மாண்டார். மயக்க மருந்தும், கிருமி நீக்க முறைகளும், இரத்தம் ஏற்றும் வசதியும், பின்னர் பெனிசிலின் முதலிய மருந்துகளும் வந்து சேர்ந்த பிறகே இவ்வறுவை அச்சமின்றிச் செய்யத்தக்கதாயிற்று.

இன்று அறுவை ஒரே வகைப்பட்டதன்று. ஆரம்ப நிலைப் புற்றை வாய் வழியாகவே லேசர் ஒளிக்கற்றையால் அகற்றலாம். கழுத்திற் கீறலே இராது. நோயாளி ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். சற்றுப் பெரிய புற்றாயின், குரல்வளையின் ஒரு பகுதியை மட்டும் நீக்கி மீதியைக் காப்பதுண்டு. புற்று குருத்தெலும்பை அரித்துவிட்டதாயின், குரல்வளையை முழுவதும் எடுத்தலே தக்கது. நோய் பரவியுள்ள, அல்லது பரவியிருக்கக்கூடிய, கழுத்து நிணநீர் முடிச்சுகளும் அவ்வேளையில் நீக்கப்படும்.

குரல்வளை முழுவதும் எடுக்கப்பட்டவருக்கு, மூச்சுக்குழலின் மேல்முனை கழுத்தின் முன்புறத்தில் நிரந்தரத் துளையாகத் தைக்கப்படுகிறது. அவர் அதன்பின் மூக்காலோ வாயாலோ மூச்சு விடுவதில்லை. கழுத்தாலேயே மூச்சு விடுகிறார். வாய் வழியாக உண்ணலாம். ஆனால் இயற்கைக் குரல் போய்விடும். மணம் நுகரும் திறனும் குறைந்துவிடும்.

கதிரின் கதை

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டார். 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். இக்கதிர்கள் உயிருள்ள திசுவைச் சுட்டழிப்பதைக் கண்ட மருத்துவர்கள் அவற்றைப் புற்றின்மேற் செலுத்தத் தொடங்கினர். முதலிற் கிடைத்தது ஏமாற்றமே. புற்றைக் கொல்லும் அளவைக் கதிரை ஒரே முறையிற் கொடுத்தால், சுற்றிலுமுள்ள நல்ல திசுவும் அழுகியது.

இதற்கு வழி காட்டியது பாரிஸ் நகரத்து ஆராய்ச்சி. ஆட்டுக்கடாவை மலடாக்கும் அளவு கதிரை ஒரே தடவையிற் செலுத்தியபோது அதன் தோலும் புண்ணாயிற்று. பல நாட்களுக்குப் பிரித்துச் செலுத்தியபோதோ, மலடாதல் நிகழ்ந்தது, தோல் பிழைத்தது. கிளாட் ரெகோ கண்ட இவ்வுண்மையை அவருடைய சகாவான ஹென்றி கூட்டார் குரல்வளைப் புற்றுக்குப் பயன்படுத்தினார். முற்றிய குரல்வளைப் புற்றும் பெருந்தீங்கின்றிக் கதிராற் குணமாகக்கூடும் என்பது 1922இற் பாரிஸில் எடுத்துக்காட்டப்பட்டது. சிறு சிறு அளவுகளாகப் பல வாரங்கள் கதிர் கொடுக்கும் இன்றைய முறை, தொண்டைப் புற்றின் சிகிச்சையிலேயே உருப்பெற்றது என்று கூறலாம்.

இதன் காரணத்தை எளிதில் விளக்கலாம். கதிர், உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை முறிக்கிறது. நல்ல உயிரணு அம்முறிவை அடுத்த சில மணி நேரத்திற் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றணுவுக்கு அத்திறன் குறைவு. ஆகவே, நாள்தோறும் சிறிதளவு கதிர் செலுத்தினால் நல்ல திசு ஒவ்வோர் இரவும் தேறிவரும்; புற்று ஒவ்வொரு நாளும் தேய்ந்துவரும். வழக்கமான அளவு, நாளொன்றுக்கு 2 கிரே. வாரத்தில் ஐந்து நாள். மொத்தம் 70 கிரே வரை. ஆக ஏழு வாரம். ஆரம்ப நிலைக் குரல் நாண் புற்றாயின் ஐந்தரை, ஆறு வாரங்களிலும் முடிவதுண்டு. பழைய நூல்களைப் படித்தவர்களுக்கு நினைவூட்டுவோம்: ஒரு கிரே என்பது 100 ராட்.

இந்தியாவில் இத்துறை வளர்ந்ததிற் சென்னைக்குச் சிறப்பிடம் உண்டு. சென்னை அரசினர் பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல் தோன்றியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் இடையறாத முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கு 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் நிலையம் சிறு கட்டடங்களிற் பணி தொடங்கியது. உலகின் முதற் கோபால்ட் சிகிச்சைகள் 1951இற் கனடாவில் நடைபெற்றன. அந்தத் தசாப்தம் முடிவதற்குள்ளேயே அடையாற்றிலும் கோபால்ட்-60 கருவி இயங்கலாயிற்று. எக்ஸ்-கதிர்க் குழாயின் கதிர் தோலிலேயே பெரும்பகுதி தங்கிவிடும். கோபால்ட்டின் காமா கதிரோ தோலைக் கடந்து ஆழத்திற் சென்று வேலை செய்யும். இப்போது பெரும்பாலான மருத்துவமனைகளில் நேர்கோட்டு வேகப்படுத்திகள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. கணிப்பொறியின் துணையால் அவை கதிரைப் புற்றின் வடிவத்திற்கே செதுக்கி அனுப்புகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் முதுகுத் தண்டையும் விலக்கிச் செல்கின்றன.

இரண்டில் எது?

நோயாளியின் உறவினர் முதலிற் கேட்பது இக்கேள்வியையே. ஆரம்ப நிலையில் இரண்டும் ஏறக்குறைய சமம். கதிர் குரலைப் பெரும்பாலும் நன்கு காக்கிறது. ஆனால் ஐந்தாறு வாரம் பெருநிலத்திற் தங்கவேண்டும். லேசர் அறுவை விரைவில் முடிகிறது. புற்று மீண்டால் கதிரைப் பின்னர் உபயோகிக்கவும் இடம் வைக்கிறது. கூலி இழப்பையும் தங்கும் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டிய தீவுவாசிக்கு இது சிறு விஷயமன்று. ஆகவே மருத்துவரிடம் தம் ஊர், தொழில், பயண வசதி ஆகியவற்றை நோயாளி ஒளிக்காமற் கூறவேண்டும்.

முற்றிய நோயில், ஒரு காலத்திற் குரல்வளையை எடுத்தலே வழியாக இருந்தது. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 332 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆராய்ச்சி 1991இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு அறுவையும் கதிரும். மற்றொரு சாராருக்கு முதலில் மருந்து, பின்னர் கதிர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் உயிரோடிருந்தோர் இரு சாராரிலும் நூற்றுக்கு 68. மருந்தும் கதிரும் பெற்றோரில் நூற்றுக்கு 64 பேருக்குக் குரல்வளையும் தப்பியது. 2003இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தைக் கதிருடன் ஒரே காலத்திற் கொடுத்தால் இரண்டாண்டு முடிவில் நூற்றுக்கு 88 பேருக்குக் குரல்வளை எஞ்சுவதைக் காட்டியது. கதிர் மட்டும் பெற்றோரில் அது 70.

எனினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. குருத்தெலும்பைத் துளைத்து வெளியேறிய புற்றுக்கும், ஏற்கெனவே விழுங்கவும் மூச்சுவிடவும் இயலாதபடி சிதைந்த குரல்வளைக்கும் அறுவையே மேல். பயனற்றுப்போன உறுப்பைக் காப்பதாற் பயனில்லை. அத்தகையோருக்கு அறுவைக்குப் பின்னர் கதிரும் தேவைப்படும். அது அறுவை நடந்து ஆறு வாரங்களுக்குள் தொடங்கப்பட வேண்டும்.

கடல் கடந்து செல்லுதல்

கச்சல் தீவின் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு இந்நோய் கண்டதாக வைத்துக்கொள்வோம். அவர் முதலிற் கப்பலேறி, 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரம் வரவேண்டும். அங்குள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையிற் குரல்வளைச் சோதனையும் திசுச் சோதனையும் நடைபெறும். கதிர் தேவை எனில், சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படுவதே நெடுங்கால வழக்கம். கதிர்ச் சிகிச்சைக் கருவிக்குக் கனத்த கான்கிரீட் அறையும், பௌதிக வல்லுநரும், தடையற்ற மின்சாரமும், கதிரியக்கப் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். நான்கு இலட்சத்திற்கும் குறைந்த மக்கள் பல தீவுகளிற் சிதறி வாழும் இடத்தில் அதனை அமைத்து நடத்துதல் எளிதன்று. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சென்னை கடல் வழியே ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள்வரை ஆகும். அதுவும் மாதத்திற்குச் சில தடவைகளே. விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல்.

தீவுவாசிக்குச் சிகிச்சை தோற்பது, பெரும்பாலும் கருவியின் குறையாலன்று, இடைவெளியால் என்பதைக் களப்பணியாளர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். கதிர் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாயும் தொண்டையும் புண்ணாகும். சுவை மறையும், எச்சில் வறளும், கழுத்துத் தோல் கறுக்கும், விழுங்குவது வேதனையாகும். நோய் குறையவில்லை, கூடிவிட்டது என்று நோயாளி எண்ணுகிறார். கையிலிருந்த பணமும் கரைகிறது. ஊரில் பிள்ளைகள் நினைவு வருகிறது. அந்த வேளையிற் கப்பல் ஒன்று புறப்படுகிறது என்று கேள்விப்பட்டால், ‘ஒரு நடை போய் வருகிறேன்’ என்று அவர் கிளம்பிவிடுகிறார்.

அவர் கிளம்பும் அந்த நான்காம் வாரமே மிகவும் ஆபத்தான காலம். கதிருக்குத் தப்பிய புற்றணுக்கள் அப்போதுதான் முன்னிலும் விரைவாகப் பெருகத் தொடங்குகின்றன. சிகிச்சை ஒரு நாள் நீண்டால், நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, அல்லது அதற்குச் சற்று அதிகமாகக் குறைவதாகப் பல ஆராய்ச்சிகள் கணித்துள்ளன. ஒரு வாரம் இடைவிட்டாற் குறைவது நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து. ஊருக்குப் போய்வர இரண்டு கப்பற் பயணமாயின், இழப்பு அதனினும் பெரிது. பின்னர் வந்து எஞ்சிய நாட்களை முடித்தாலும் இழந்தது முழுவதும் திரும்பாது. கருவி பழுதாகியோ, உடல் நலிந்தோ ஓரிரு நாள் தவறிவிட்டால், சனிக்கிழமையிலோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இருமுறையோ கதிர் கொடுத்து ஈடு செய்வதுண்டு. அதனை மருத்துவரே முடிவு செய்வார்.

ஆகவே, புறப்படு முன்னரே சில ஏற்பாடுகள் அவசியம். ஏழு வாரமும், அறுவையும் சேர்ந்தால் மூன்று மாதம் வரையும், தங்குவதற்கு ஆயத்தமாகச் செல்லவேண்டும். துணைக்கு ஒருவர் உடன் இருத்தல் வேண்டும். சொத்தைப் பற்களைக் கதிருக்கு முன்னரே பிடுங்கிவிட வேண்டும். கதிர் பட்ட தாடையிற் பின்னர் பல் பிடுங்கினால் எலும்பு அழுகக்கூடும். 2018இல் தொடங்கிய பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. அதற்கான அட்டை கையில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எல்லாவற்றினும் மேலாக, புகைப்பதையும் பாக்குப் போடுவதையும் அன்றே விட்டுவிட வேண்டும். சிகிச்சைக் காலத்திற் புகைப்போருக்குக் கதிரின் பயன் குறைகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை.

கழுத்தால் மூச்சு விடுவோர்

குரல்வளை எடுக்கப்பட்டு ஊர் திரும்பியவரைப் பலர் அனுதாபத்தோடு நோக்குகின்றனர். ஆனால் அவரோடு பேசுவதில்லை. அவருக்குப் பேச்சு முற்றிலும் போய்விட்டதென்று எண்ணுகின்றனர். அது சரியன்று. காற்றை விழுங்கி உணவுக்குழலால் ஒலியெழுப்பப் பழகலாம். கழுத்தில் வைத்து அழுத்தும் மின்குரற் கருவியாற் பேசலாம். 1980இல் அமெரிக்கரான சிங்கரும் புளோமும் வெளியிட்ட முறைப்படி, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே சிறு அடைப்பிதழைப் பொருத்தியும் பேசலாம். மூன்றிலும் இயல்பான பேச்சுக்கு நெருங்கியது இக்கடைசி முறையே. ஆனால், அவ்வடைப்பிதழைச் சில மாதங்களுக்கொரு முறை மாற்ற வேண்டும். வெளிநாட்டுப் பொருளின் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தது. பெங்களூரு அறுவை மருத்துவர் ஒருவர் 2010களில் ஏறக்குறைய 50 ரூபாயில் அதனை ஆக்கிக் காட்டினார். தொலைவிலுள்ள தீவில் வாழ்பவர், அடைப்பிதழைக் காலத்தில் மாற்ற இயலுமா என்பதை எண்ணியே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடல் சூழ்ந்த நாட்டில் இவருக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. கழுத்துத் துளை நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. இடுப்பளவு நீரிற் தவறி விழுந்தாலும் நீர் உள்ளே புகும். இவர் கடலிற் குளித்தலும், சிறு தோணியில் மீன்பிடிக்கச் செல்லுதலும் கூடாது. மீனவராயின் தொழிலையே மாற்ற நேரும். அதற்குப் பஞ்சாயத்தும் அரசும் துணை நிற்க வேண்டும். துளையின் மேல் மெல்லிய ஈரத்துணி ஒன்றைத் தொங்கவிட்டால் தூசியும் பூச்சியும் தடுக்கப்படும். உட்செல்லும் காற்றும் ஈரமாகும். சுகாதார ஊழியர் ஒன்றை மறக்கலாகாது: இவர் மயங்கி விழுந்தால், மூக்கிலும் வாயிலும் பிராணவாயு வைத்துப் பயனில்லை. அதனைக் கழுத்துத் துளையிலேயே வைக்கவேண்டும். அத்துளையை எக்காரணத்தாலும் மூடக்கூடாது.

சிகிச்சை முடிந்தவுடன் கவனிப்பு முடிந்துவிடாது. நோய் திரும்புமாயின் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே திரும்பும். ஆகவே, முதலாண்டிற் சில வாரங்களுக்கொரு முறையும், பின்னர் சற்று நீண்ட இடைவெளியிலும் தொண்டையைச் சோதிக்கவேண்டும். கழுத்திற் கதிர் பட்டவருக்குத் தைராய்டுச் சுரப்பி நாளடைவிற் சோர்ந்துவிடக்கூடும். ஆறு மாதத்திற்கோ ஓராண்டிற்கோ ஒருமுறை இரத்தச் சோதனை செய்தால் அது தெரிந்துவிடும். இவற்றிற் பெரும்பகுதியைத் தீவிலேயே செய்யலாம். சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடியில் இடப்பட்ட ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர்க் கம்பி 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றையும் அது தொடுகிறது. அதன்பின், அறுவை செய்த மருத்துவரிடம் நோயாளி திரையில் முகம் பார்த்துப் பேசுவது எளிதாயிற்று.

நாம் செய்யத்தக்கது

களப்பணியாளர் வீடு வீடாகச் செல்லும்போது நான்கு கேள்விகளைக் கேட்டாற் போதும். குரல் மூன்று வாரத்திற்கு மேல் கம்மியுள்ளதா? விழுங்கும்போது உறுத்துகிறதா? கழுத்திற் கட்டி உள்ளதா? காதிற் குறையின்றிக் காதுவலி உள்ளதா? ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்று விடை வந்தால், அவரை அடுத்த கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யவேண்டும். அதற்கடுத்த கப்பலுக்கு விடக்கூடாது. மருந்துக்கடை மாத்திரைகளிலும், கழுத்திற் பூசும் பச்சிலைகளிலும் கழியும் மாதங்கள் திரும்பக் கிடைக்கமாட்டா.

ஆசிரியரின் பணி இதற்கும் முந்தியது. நாற்பது ஐம்பது வயதிற் காணும் நோய்க்குப் பெரும்பாலும் பதினைந்து வயதில் விதை விழுகிறது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்றலாகாது என்று 2003ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அச்சட்டம் தம் ஊரில் நடைமுறையில் உள்ளதா என்று ஆசிரியர் கண்காணிக்கலாம். தாமே வெற்றிலைப் புகையிலை போட்டுக்கொண்டு பாடம் நடத்துவாராயின், மாணவர் அவர் சொல்லைக் கேளார், செய்கையையே பின்பற்றுவர். விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற தொலைபேசி எண்ணிற் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது.

பில்ரோத்தின் கத்தியும் கூட்டாரின் கதிரும் இன்று எவ்வளவோ செம்மையடைந்துவிட்டன. பேரரசருக்கும் பரமஹம்சருக்கும் கிட்டாத சிகிச்சை, ரப்பர்த் தோட்டத் தொழிலாளிக்கும் கிட்டக்கூடியதாயிற்று. ஆனால், அச்சிகிச்சை கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. காலத்தில் அங்கே அனுப்புவதும், முடியும் வரை அங்கேயே இருக்கச் செய்வதும், திரும்பி வந்தவரோடு பழையபடி பேசிப் பழகுவதும் இக்கரையில் உள்ள நம்முடைய கடமை.